சிவப்புச் சேறு போட்டும் சாயம் போகவில்லை என்றால்

சாயக் கழிவுநீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை இன்னும் கூட்டாதீர்கள், நீரின் பிஎச்சை (அமில-கார அளவை) 3-க்கு இறக்குங்கள். அலுமினா ஆலைச் சிவப்புச் சேற்றை ஃபென்டன் முறைக்கு, அதாவது இரும்பால் பெராக்சைடைத் தூண்டிச் சாயத்தை உடைக்கும் முறைக்கு, வினையூக்கியாகப் போட்டால் நுரை பொங்குகிறது, சாயம் மட்டும் அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். அந்த நுரை ஆக்சிஜன்.

அலுமினியத் தாதுவான பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தபின் மிஞ்சுவதுதான் சிவப்புச் சேறு. இரும்பு ஆக்சைடு நிறைய இருந்தாலும் காரமும் ஒட்டியிருக்கும். பிஎச் 10-ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் பெராக்சைடு, சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பெரிதாகத் தராமல் நீரும் ஆக்சிஜனுமாக வீணாகிவிடும்.

சேறு போடும் முன் மட்டும் பிஎச் பார்த்தால் போதாது. கலக்கி அரை மணி நேரம் கழித்தும் பாருங்கள். துகளுக்குள் இருக்கும் காரம் மெதுவாகத்தான் வெளியே வரும். ஏறியிருந்தால் சேற்றை நீர்த்த அமிலத்தில் கழுவி, அலசி, உலர்த்தி, அப்புறம் போடுங்கள்.

நிறம் போனாலும் உடனே நம்ப வேண்டாம். பெராக்சைடு இல்லாமல் இன்னொரு பீக்கர் வையுங்கள். அதிலும் நிறம் அதே அளவு குறைந்தால் சாயம் உடையவில்லை, துகளில் ஒட்டியிருக்கிறது. மிச்சப் பெராக்சைடு சிஓடியை (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவை) கூட்டிக் காட்டும், அதை நீக்கிவிட்டு அளக்கவும். வடிகட்டிய நீரில் இரும்பும் குரோமியமும் எவ்வளவு என்று கண்டிப்பாகச் சோதியுங்கள். அமிலம் இரண்டையும் கரைத்து இழுக்கும்.