எட்டு டிஸ்க் சர்வரை இரண்டு டிஸ்க் பெட்டியாக்குவது

கேள்வி: 2019-ல் ஒரு பழைய டெல் ஆர்720 ரேக் சர்வரை வாங்கி வீட்டில் வைத்தேன். இரண்டு ஜியான் பிராசஸர், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் பெர்க் எச்710 கார்டு, அதில் எட்டு 3 டெராபைட் எஸ்ஏஎஸ் (சர்வர் வகை) டிஸ்க்குகள் ரெய்டு 6-ல் (இரண்டு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும் தொகுப்பு). தேர்வுக்குப் படித்த காலத்தில் நிறைய விர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. இப்போது குடும்பப் படங்கள், ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோ, பாட்டு ஓட்டும் மென்பொருள்), நான்கு கேமராக்களின் பதிவு, அவ்வளவுதான். மொத்தம் 9 டெராபைட் நிறைந்திருக்கிறது. அதில் 3 டெராபைட் பழைய கேமரா பதிவுகள். அந்த அறையை மகளுக்குப் படிப்பறையாக்க வேண்டும். இந்தச் சத்தத்தில் படிக்க முடியாது என்கிறாள். ஃபேனை மட்டும் மாற்றினால் போதுமா? அல்லது ஒரு மினி பிசி வாங்கி, இதே டிஸ்க்குகளை யுஎஸ்பி பெட்டியில் போட்டு மாட்டலாமா? வாட் மீட்டர் சும்மா இருக்கும்போதே 160 காட்டுகிறது. (வாசகர், கோவை)

பதில்: இரண்டும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஃபேன். ஆர்720-ன் நடுவில் வரிசையாக ஆறு சின்ன ஃபேன்கள் இருக்கும். இரண்டு யு (ஏறக்குறைய 9 செ.மீ.) உயரப் பெட்டிக்குள் பெரிய ஃபேன் வைக்க இடமில்லை. அதனால் சின்னதை வேகமாகச் சுற்ற வைத்துக் காற்றைத் தள்ளுகிறார்கள். அந்தக் கீச்சுக் குரல் அங்கிருந்துதான் வருகிறது. ஐடிராக் (சர்வரைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் டெல் வசதி) வழியாக ஐபிஎம்ஐ என்ற நிர்வாகக் கட்டளை கொடுத்து வேகத்தைக் குறைக்கலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் சத்தம் குறைந்தாலும் சூடு குறையாது. 160 வாட் என்பது ஏறக்குறைய ஒன்றரை ஆள் இரவும் பகலும் அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஏப்ரல், மே மாதத்தில் கதவை மூடிக்கொண்டு உங்கள் மகள் அங்கே படிக்க முடியாது.

கரண்ட் கணக்கையும் போட்டுவிடலாம். 160 வாட் தொடர்ந்து ஓடினால் ஒரு நாளைக்கு 3.84 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 230 யூனிட். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இரண்டு மாத உபயோகம் 500-ஐத் தாண்டினால் மொத்தக் கணக்கே வேறு அட்டவணைக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது ஏசி என்று வீட்டில் சண்டை நடந்திருக்கும். பாதிப் பழி சர்வருக்குப் போக வேண்டியது. நான் கீழே சொல்லும் பெட்டி 30 வாட்டில் நின்றால் அதே காலத்துக்கு 43 யூனிட்தான்.

அடுத்து டிஸ்க்குகள். அவை எஸ்ஏஎஸ் என்பதால் சாதாரண மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் பொருந்தாது. சாட்டா டிஸ்க் எஸ்ஏஎஸ் பின்தளத்தில் (டிஸ்க்குகளைச் செருகும் பலகை) ஏறும், எஸ்ஏஎஸ் டிஸ்க் சாட்டாவில் ஏறாது. ஒரு எச்பிஏ கார்டு (எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளை மதர்போர்டோடு இணைப்பது) போட்டால் ஏறும்தான். ஆனால் கார்டுக்கே ஏறக்குறைய 10 வாட், எட்டு டிஸ்க்குகளுக்கு இன்னும் 50, 60 வாட். பிறகு எதைச் சுருக்கினோம்? தவிர, ரெய்டு அமைப்பை உருவாக்கியது பெர்க் கார்டு. சாதாரண எச்பிஏவில் செருகினால் வெறும் எட்டு டிஸ்க்குகளாகத்தான் தெரியும். புதிய மெஷின் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' அழுத்தியவர்கள் உண்டு.

யுஎஸ்பி பெட்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றை டிஸ்க் பேக்கப்புக்கு நல்லது. நான்கைந்து டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாக நம்பி ஓட்ட வேண்டாம். யுஎஸ்பியையும் டிஸ்க்குகளையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் ஒரு நொடி ரீசெட் ஆனாலும் எல்லா டிஸ்க்குகளும் ஒன்றாகக் காணாமல் போகும்.

சரி, என்ன கட்டுவது? பெட்டியைத் தேடுவதற்கு முன் தரவை இரண்டாகப் பிரியுங்கள். தொலைந்தால் அழ வேண்டியது, தொலைந்தால் பரவாயில்லாதது. கேமரா பதிவு இரண்டாவது வகை. அந்த 3 டெராபைட்டில் வேண்டிய துண்டுகளை எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுங்கள். மிஞ்சுவது 6 டெராபைட். இதற்கு எட்டு டிஸ்க் எதற்கு? இரண்டு 12 டெராபைட் டிஸ்க்குகளை மிரரில் போட்டால் போதும். கம்ப்யூட்டர் கணக்கில் அது 10.9 காட்டும், 80 சதவீதம் வரை நிரப்பலாம் என்று வைத்தாலும் இன்னும் சில வருடங்களுக்கு இடம் இருக்கிறது. மிரரில் ஒரு டிஸ்க் போனால் இன்னொன்றில் எல்லாம் அப்படியே இருக்கும், ரெய்டு 6-ல் உள்ளது போல பாரிட்டி கணக்கு (தொலைந்ததைக் கணக்குப் போட்டு மீட்பது) எதுவும் இல்லை. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் மிரரை வைத்தால் மாதம் ஒருமுறை ஸ்கரப் (முழுத் தரவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டி, சத்தமில்லாமல் கெட்டுப்போன பிட்டுகளையும் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். படங்களுக்கு இது முக்கியம்.

டிஸ்க் தேர்வில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் திருப்பி எழுத மெதுவானது) வேண்டாம், சிஎம்ஆர் (தடங்கள் தனித்தனியானது) என்று தெளிவாக அறிவித்த மாடலாக இருக்கட்டும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் சொல்லாமல் எஸ்எம்ஆருக்கு மாற்றப்பட்டிருந்தது வெளிவந்து பெரிய கூச்சல் ஆனது. ரெய்டை மறுபடி கட்டும்போது அவை திணறின. இப்போது ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர். இரண்டாவது, சுழலும் வேகம். '5400 ஆர்பிஎம் கிளாஸ்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதே 2020-ல் அப்படி விற்ற சில டிஸ்க்குகளின் ஒலியை மைக்கில் பிடித்துப் பார்த்தவர்கள், 90 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 120 ஹெர்ட்ஸ் வருவதைக் கண்டார்கள். அதாவது அது 7200-ல் சுழல்கிறது. 12 டெராபைட்டுக்கு எப்படியும் பெரும்பாலும் 7200தான் கிடைக்கும். இரண்டுதான் என்பதால் தாங்கிக்கொள்ளலாம்.

மதர்போர்டுக்கு இன்டெல் என்100 போதும். 6 வாட் சிப். ஜெல்லிஃபினுக்கு வேண்டிய வீடியோ மாற்றத்தை அதன் கிராபிக்ஸ் பகுதியே பார்த்துக்கொள்ளும். 16 ஜிபி ராம் போடுங்கள். பழைய சர்வர் ராம் இதில் ஏறாது. போர்டிலேயே நான்கு, ஆறு சாட்டா போர்ட் தரும் என்100 பலகைகள் வருகின்றன. கூடுதல் போர்ட்டுக்கு ஏஎஸ்எம்1166 சிப் உள்ளதை எடுங்கள். ஜேஎம்பி585 இருந்தால் பிராசஸர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாமல் சில வாட் வீணாகும். புது போர்டு வேண்டாம் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி சந்தையில் எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய அலுவலக டெஸ்க்டாப் கிடைக்கும். மூன்றரை அங்குல டிஸ்க் இரண்டு ஏறுமா என்று மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள். நானாக இருந்தால் இதைத்தான் வாங்குவேன்.

கேபினட்டில் மிகச் சின்னதற்கு ஆசைப்படாதீர்கள். டிஸ்க்குகள் ஒட்டி ஒட்டி நிற்கும் பெட்டியில் நம் ஊர் வெயிலுக்கு 50 டிகிரியைத் தொடும். 45-க்குக் கீழே வைக்கப் பாருங்கள். ஃபிராக்டல் நோட் 304 மாதிரி 140 மில்லிமீட்டர் ஃபேன் உள்ளது நல்லது, பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே வேலையை முடிக்கும். அப்புறம் ஒரு விஷயம், காதில் விழும் உறுமலில் பாதி டிஸ்க்கிலிருந்து நேராக வருவதில்லை, அது அதிர வைக்கும் தகரத்திலிருந்தும் மர மேசையிலிருந்தும் வருகிறது. டிஸ்க்குக்கு ரப்பர் வாஷர், பெட்டிக்கு அடியில் ஒரு துண்டு ரப்பர் மேட் போட்டுப் பாருங்கள்.

கேமரா பதிவை மிரரில் எழுத வேண்டாம். ஒரு கேமராவுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால் நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 173 ஜிபி. தனியாக ஒரு 2 டெராபைட் எஸ்எஸ்டி போட்டால் பத்து நாள் பதிவு நிற்கும். எழுதி எழுதித் தேயாதா என்று கேட்பீர்கள். வருடத்துக்கு 63 டெராபைட்தான். இந்த அளவில் நல்ல எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு 1200 டெராபைட் வரை உத்தரவாதம் தருகிறார்கள். இரவெல்லாம் டிஸ்க் கறகறக்கும் சத்தம் இதிலேயே நின்றுவிடும்.

தரவை மாற்றும்போது அவசரம் கூடாது. புது டிஸ்க்குகளை முதலில் ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத் தானே சோதிக்கும் வசதி) நீண்ட சோதனைக்கு விடுங்கள். ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பிறகு கிகாபிட் கேபிளில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரலை ஓடவிட்டால் 6 டெராபைட்டுக்குப் பதினைந்து மணி நேரம், சின்னப் படங்கள் நிறைய இருந்தால் இன்னும் கூட. முடிந்ததும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் பழைய சர்வரை விற்றுவிட்டேன். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் எதுவும் வரவில்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. எல்லா ஆல்பங்களின் பெயரும் அதில்தான் இருந்தன.

அதனால் ஆர்720-ஐ மூன்று மாதம் லாஃப்டில் வையுங்கள், அணைத்த நிலையில். அதுவே உங்கள் தற்காலிக பேக்கப். மிரர் பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். படங்களை மட்டும் ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்துவைப்பது நல்லது. புதுப் பெட்டிக்கு ஒரு 600 விஏ யுபிஎஸ் தாராளம். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தில் எல்லா பவர் சப்ளையும் தாக்குப்பிடிக்காது.

மூன்று மாதம் கழித்து விற்கும்போது ரெய்டு வால்யூமை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். அதனால் தரவு அழியாது. எட்டு டிஸ்க்குகளையும் ஒருமுறை முழுக்க பூஜ்யம் எழுதிவிட்டுக் கொடுங்கள்.