ஆர்கானிக் பால் பண்ணையில் மாட்டுக்கு ஊசி போடலாமா? கேள்வி பதில்

பிரிட்டனில் இயற்கை முறைப் பால் பண்ணைகளுக்குக் கால்நடை மருத்துவராகப் போய்வந்தவன் என்று சொன்னதும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

செங்காங் வாசகி: டாக்டர், ஃபேர்பிரைசில் ஆர்கானிக் பால் வாங்குகிறேன். அந்த மாடுகளுக்கு ஆன்டிபயாட்டிக் போடவே மாட்டார்கள் என்று நம்பித்தான் அதிக விலை கொடுக்கிறேன். சரிதானே?

பெட்டியைத் திருப்பி, எந்த நாட்டு முத்திரை என்று முதலில் பாருங்கள். அமெரிக்க முத்திரை என்றால் நீங்கள் நினைப்பது சரி. அங்கே ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலை அதன்பிறகு எப்போதும் ஆர்கானிக் என்று விற்கக் கூடாது. அதற்காக நோய்ப்பட்ட மாட்டுக்கு மருந்து கொடுக்காமல் விடுவதும் அங்கே விதிமீறல்தான். மருந்து கொடுத்துக் காப்பாற்றி, அதை வேறு மந்தைக்கு அனுப்பிவிட வேண்டும்.

ஐரோப்பாவில் அப்படியில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போடலாம். ஆனால் பாலை ஒதுக்கி வைக்க வேண்டிய நாள் இரட்டிப்பாகும். மருந்துச் சீட்டில் 4 நாள் என்றிருந்தால் 8 நாள். எப்படியும் 48 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சிங்கப்பூரில் ஆர்கானிக் என்று போட்டு விற்க, கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தர அமைப்பின் வழிகாட்டுதலுக்கு ஒத்த சான்றிதழ் வேண்டும் என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதி. கோடெக்ஸும் இதே இரட்டிப்பைத்தான் சொல்கிறது. என்னைக் கேட்டால் ஐரோப்பிய முறையே மேல். வலியில் நிற்கும் மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு 'ஊசி போட்டால் மாடு கைவிட்டுப் போய்விடுமே' என்று கணக்குப் பார்க்கும் நிலை விவசாயிக்கு வரக் கூடாது.

ஈசூன் வாசகர்: அப்படியென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாமா?

போட முடியாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு மாட்டுக்கு 12 மாதத்தில் மூன்று சிகிச்சைகள்தான். தாண்டினால் அந்த மாடு மாற்றுக் காலத்தை, அதாவது அதன் பாலை ஆர்கானிக் என்று விற்குமுன் ஆர்கானிக் முறையில் வளர்க்க வேண்டிய காலத்தை, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கறவை மாட்டுக்கு அது 6 மாதம். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் அந்த மூன்றில் சேராது. கோமாரிக்குத் தடுப்பூசி போட்டால் ஆர்கானிக் கெட்டுவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். தடுப்பூசியால் ஆர்கானிக் கெடாது.

பெர்த்தில் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி, விடுமுறைக்கு ஜூரோங் வந்திருக்கிறார்: அங்கிள், ஒரு பண்ணையின் மந்தை நலத் திட்டத்தை மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

முதலில் அந்தக் கோப்பு எவ்வளவு கசங்கியிருக்கிறது என்று பாரம்மா. புத்தம் புதிதாக இருந்தால் தணிக்கைக்காக எழுதி அலமாரியில் வைத்தது என்று பொருள்.

உள்ளே எண்கள் இருக்க வேண்டும். போன வருடம் எத்தனை மாட்டுக்கு மடிநோய், எத்தனை நொண்டின, எத்தனை கன்று செத்தது, இந்த வருடம் எதைக் குறைக்கப் போகிறார்கள், யார் பொறுப்பு. ஐரோப்பாவில் பாலின் உடல் செல் (மடியில் தொற்று வந்தால் பெருகும் வெள்ளணுக்கள்) எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் இது மொத்தத் தொட்டிக்கான கணக்கு. ஒரு தனி மாட்டில் 2 லட்சம் தாண்டினாலே மடியில் தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். தொட்டியின் எண் அழகாக இருக்கும், அதற்குள் நாலு மாடு நோயோடு ஒளிந்திருக்கும். அதனால் மாடுவாரியாகக் கேள்.

அப்புறம் பால் வற்றவிடும் காலம், அதாவது அடுத்த கன்று ஈனுமுன் கறவையை நிறுத்தும் காலம். முன்பெல்லாம் எல்லா மாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு காம்புக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிடுவார்கள். ஆர்கானிக்கில் இப்படி முன்கூட்டிப் போடுவது கூடாது. 2022 ஜனவரி முதல் ஐரோப்பாவில் சாதாரணப் பண்ணைகளும் வழக்கமாக இப்படிச் செய்ய முடியாது. செல் எண்ணிக்கை குறைவான மாட்டுக்கு, மருந்தில்லாமல் காம்பை உள்ளிருந்து அடைக்கும் பிஸ்மத் பசை போதும். அதைப் போடுமுன் காம்பு நுனியை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமியையும் சேர்த்து உள்ளே வைத்து அடைத்ததாகிவிடும்.

கன்றுகளுக்கு, பிறந்த 6 மணி நேரத்துக்குள் 3 முதல் 4 லிட்டர் சீம்பால். இது நடக்கிறதா என்று முதலாளியைக் கேட்காதே, இரவில் கன்று ஈன்றால் யார் எழுந்து வருகிறார் என்று வேலையாளைக் கேள். குடற்புழுவுக்குத் தேதி வைத்து மருந்து கொடுக்காமல், சாணத்தைச் சோதித்துப் பார்த்துக் கொடுக்கிறார்களா என்றும் பார். ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தோடு வெளியே வந்து சாண வண்டுகளையும் பாதிக்கும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: அண்ணே, மன்னார்குடியில் தம்பி பத்து மாடு வைத்திருக்கிறான். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுகிறான். இது வேலை செய்யுமா, இல்லை சும்மாவா?

சும்மா இல்லை. கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற அளவு தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினரே பரிந்துரைப்பது. மடியைக் கழுவி, பாலைச் சுத்தமாகக் கறந்துவிட்டு, ஒரு நாளில் பல தடவை பூச வேண்டும். தொடக்க நிலையில், மடி லேசாக வீங்கியிருக்கும்போது முயலலாம்.

ஆனால் பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால், மாடு தீனி எடுக்காமல் சோர்ந்து படுத்தால், காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். பூச்சு பூசிக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்றால் மடியோ மாடோ போய்விடும். எதையும் காம்புத் துளைக்குள் விடக் கூடாது என்றும் தம்பியிடம் சொல்லுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி யாராவது போட வந்தால் தடுத்துவிடுங்கள். அந்த மருந்து போட்ட மாடுகளின் பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்ததால் 2006-லேயே இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். வலிக்கு அதற்குப் பதிலாக மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது.

தோ பாயோ வாசகி: ஹோமியோபதி?

ஐரோப்பிய விதி இடம் தருகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. அதைக் கொடுத்துப் பார்த்து ஒரு நாள் வீணாவதுதான் என் கவலை.

அதே வாசகி: பாலை நன்றாகக் காய்ச்சினால் மருந்து மிச்சம் போய்விடாதா?

பெரும்பாலும் போகாது. கிருமி சாகும், மருந்து அவ்வளவு எளிதில் அழியாது. அதனால்தான் பால் சேகரிக்கும் இடத்திலேயே சோதிக்கிறார்கள். பென்சிலின் மிச்சம் உள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. அதற்காக உங்கள் வீட்டில் தயிர் தோயவில்லை என்றதும் பண்ணைக்காரரைத் திட்டிவிடாதீர்கள். ஏர்கான் அறையில் வைத்தாலும் தோயாது.