பச்சை விளக்கைத் தாண்டாத வாகனங்களையும் எண்ணுங்கள்

கேள்வி: அண்ணா, கோலாலம்பூரில் ஒரு போக்குவரத்து ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஜாலான் ஈப்போ சந்திகளில் எண்ணிய வாகனக் கணக்கை மென்பொருளில் ஏற்றி, எங்கிருந்து எங்கே எத்தனை பயணம் என்று மதிப்பிட வேண்டும். அடுத்தடுத்த சந்திகளின் கணக்கே ஒத்துப்போகவில்லை. அப்படியே கொடுத்துவிடலாமா?
– வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஒரு சந்தியை விட்டுக் கிளம்பியது 900, அடுத்த சந்திக்கு வந்தது 760 என்றால், மென்பொருள் இரண்டுக்கும் பொருந்தப் பார்த்து, இல்லாத பயணங்களை எங்காவது உண்டாக்கிவிடும். நடுவில் பேரங்காடியோ கொண்டோ வாசலோ இருந்தால் வித்தியாசம் நியாயமானதுதான், அங்கே ஒரு மண்டலத்தை, அதாவது பயணங்கள் தொடங்கி முடிகிற ஓர் இடத்தை, மென்பொருளில் சேருங்கள். ஒன்றும் இல்லையென்றால் எண்ணிய தேதிகளைப் பாருங்கள். பள்ளி விடுமுறை, நோன்பு மாதம், வெள்ளிக்கிழமை மதியம், அதுவும் பத்துமலைக்குப் போகிற வழி என்பதால் தைப்பூச நாட்கள், இவற்றை வழக்கமான நாளோடு கலக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஜாம். சமிக்ஞை விளக்கடியில் நின்று எண்ணுபவர் கோட்டைத் தாண்டியதை மட்டும்தான் எண்ணுகிறார். 15 நிமிடத்தில் 300 தாண்டியது, வரிசை ஆரம்பத்தில் 40, முடிவில் 90 என்று வையுங்கள்: வந்து சேர்ந்தது 350. அந்த 50-ஐ விட்டுவிட்டால், நெரிசல் அதிகமான சாலையில்தான் போக விரும்பும் வண்டிகள் குறைவு என்று முடிவு வரும், அதை நம்பித் திட்டம் போட்டால் பாதிக்கப்படுவது அங்கே தினமும் மாட்டிக்கொள்ளும் மக்கள். அதனால் வரிசை நீளத்தையும் குறித்து வரச் சொல்லுங்கள்.

அப்புறம், எண்ணாத இடத்தில் 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். 0 என்றால் ஒரு வண்டிகூடப் போகவில்லை என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சாலைக் கொள்ளளவு பி.சி.யூ.வில் (எல்லா வண்டிகளையும் இத்தனை காருக்குச் சமம் என்று மாற்றிச் சொல்லும் அலகு) இருந்தால் எண்ணிக்கையும் பி.சி.யூ.வில்தான் இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள், கார், லோரி மூன்றையும் தனித்தனியாக வைத்திருப்பது நல்லது. கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கும் லோரிக்கும் அனுமதி இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டால் அந்தத் தடையை எப்படிக் காட்டுவீர்கள்?

கடைசியில் எண்ணிக்கை அழகாகப் பொருந்திவிட்டது என்று நிறுத்தாமல், மென்பொருளுக்கு முதலில் கொடுத்த ஓ.டி. மேட்ரிக்ஸோடு (எங்கிருந்து எங்கே எத்தனை பயணம் என்ற அட்டவணை) புதியதை ஒப்பிட்டு, பயண தூரங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று பாருங்கள். குறுகிய பயணங்கள் திடீரென்று பெருகியிருந்தால், அந்தப் பகுதியின் எண்ணிக்கைத் தாள்களை மறுபடியும் எடுங்கள்.