நத்தார் வளையம் ஏன் கறுத்துப்போனது?

கேள்வி: திருகோணமலை, பாலையூற்றில் எங்கள் பங்கு இளைஞர்களும் மாதர்களும் சேர்ந்து நத்தார் வளையங்கள் கட்டி விற்கிறோம். கடற்றொழிலாளர் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்குவதற்கான நிதி அது. கடந்த வருடம் மார்கழி முதல் வாரமே சவுக்கிலும் வேப்பிலையிலும் 40 வளையங்கள் கட்டிப் பொலித்தீன் பைகளில் வைத்தோம். விற்கிற நாளில் பாதிக்கு மேல் கறுத்துவிட்டன. இம்முறை ஒருவர் நுவரெலியாவிலிருந்து சைப்ரஸ் மர இலை கொண்டுவந்து தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊரிலேயே இலை வெட்டினால் அனுமதி எடுக்க வேண்டுமா?

பதில்: முற்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் ஒரு கண்காட்சிக்காக இதே போன்ற ஒருவரிடம் மலைநாட்டுப் பச்சை வாங்கினேன். ஈரச் சாக்குகளில் அடைந்து, லொறியில் ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து வந்தது. சாக்கை அவிழ்த்தபோது வேகவைத்த கீரையின் மணம்தான் வந்தது. வெட்டிய இலையும் மூச்சு விடும். மூச்சு விட்டால் சூடு பிறக்கும். காற்றுப் போகாத இடத்தில் ஈரத்தோடு குவித்தால் அது தன்னைத் தானே அவித்துக்கொள்கிறது. உங்கள் வளையங்கள் பொலித்தீன் பைக்குள் பட்ட பாடும் இதுவே. மார்கழியில் நம் ஊருக்கு வாடைமழை என்பதை மறந்துவிட்டீர்கள். இலை காய்ந்துவிடும் என்று பயந்தீர்கள், அது அழுகிப்போனது.

சைப்ரஸ் நல்ல இலைதான். ஆனால் குளிர் நாட்டில் வாசற்கதவே குளிர்சாதனப் பெட்டி, அதனால் அங்கே வாரக்கணக்கில் பச்சையாக நிற்கிறது. இங்கே கடற்காற்றில் அந்தப் பேச்சு இல்லை. தண்ணீர் இல்லாமல் 3 வாரம் பச்சை நிற்கும் என்று யார் சொன்னாலும், அவர் விற்க வந்தவர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இத்தகைய தரகர்கள் பணத்தோடு ஒரு கடிதமும் கேட்பார்கள்: 'தர்ம காரியத்துக்கு' என்று பங்கின் கடிதத் தலைப்பில் இரண்டு வரி. கொடுத்துவிடாதீர்கள். 1907ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வனச் சட்டம் காட்டு மரத்தை மட்டுமல்ல, காட்டிலிருந்து வரும் இலையையும் கொடியையும்கூட வன விளைபொருளாகவே பார்க்கிறது. லொறியை வழியில் மறித்தால் தரகரின் தொலைபேசி அடைத்திருக்கும்; உங்கள் கடிதம் மட்டும் அதிகாரியின் கையில் இருக்கும்.

அனுமதி பற்றி: சொந்த வளவு மரத்தில் இலை ஒடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. காட்டுக்குள் போகாதீர்கள். கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் கண்டல் (அலையாத்தி) மர இலை தடிப்பாக, பளபளப்பாக ஆசை காட்டும். அதைத் தொடவே வேண்டாம்.

பனையில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்க முடியாது. பெண் பனை மட்டும். ஆண் பனை அந்தப் பட்டியலில் இல்லை. தறிப்பது என்றால் மரத்தை வீழ்த்துவது. ஓலை வெட்டுவது தறிப்பதல்ல, குருத்து எடுப்பதும் தறிப்பதல்ல, பலா இலை பறிப்பது தறிப்பதே அல்ல. இந்தச் சின்ன வித்தியாசத்தை விளக்கச் சொல்லி நான் ஒருமுறை ஒரு கந்தோருக்குப் போனேன். அவர்கள் அடுத்த கந்தோரைக் காட்டினார்கள், அங்கிருந்தவர்கள் முதற் கந்தோரையே திரும்பக் காட்டினார்கள். மூன்றாம் நாள், குருத்தோலை ஞாயிறுக்கு யாரிடம் அனுமதி எடுக்கிறீர்கள் என்று நானே அவர்களைக் கேட்டுவிட்டு வந்தேன். ஆகவே குருத்தை எடுங்கள், ஆனால் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். காய்ந்த குருத்தோலை பால்நிறத்தில் வருடக்கணக்கில் நிற்கும். கடை ரிப்பனுக்குப் பதிலாக அதிலேயே பூ மடியுங்கள்.

இலைக்கு எங்கே போவது? உங்கள் ஊரின் பெயரிலேயே பாலை மரம் நிற்கிறது. வளவில் பாலை நிற்கும் வீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் மா, பலா, குரோட்டன் போதும். முற்றிய, தடித்த இலையாகப் பாருங்கள். தளிர் ஒரே நாளில் தொங்கிவிடும். வேப்பிலை உதிரும். சவுக்குக் கணுக்கணுவாகக் கழன்று கொட்டும். அதற்கு மெழுகுதிரி பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, திரி வைக்கும் வளையத்தில் சவுக்கே கூடாது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்பது பழமொழிக்குச் சரி, வளையத்துக்குச் சரிவராது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கரை மணலைப் பிடித்து வைத்திருப்பதும் அந்தக் கொடிதான்.

காலையில் வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். காம்பைச் சரிவாக நறுக்கி, வாளித் தண்ணீரில் நிழலில் ஓர் இரவு நிறுத்துங்கள். மறுநாள் இலையின் மேல் ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே கட்ட வேண்டும். ஒரு பிடி தென்னை ஈர்க்கை வளைத்தால் வளையத்தின் சட்டகம் தயார். நனைத்த வாழைநாரால் இறுக்கிக் கட்டுங்கள், காம்பு காயும்போது சுருங்கும். வன்பொருள் கடைக் கட்டுக்கம்பி வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சுவரில் கறை இறக்கும். கட்டியவற்றைக் கொடியில் ஒன்றுக்கொன்று முட்டாமல் தொங்கவிடுங்கள். திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது நத்தாருக்கு முந்திய ஞாயிறு, விற்பதானால் வியாழக்கிழமைக்கு முன் ஓர் இலையும் வெட்டாதீர்கள். மா இலை பிறகு மங்கினாலும் உருவம் கெடாது.

சிவப்புக்குக் குன்றிமணி கோக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. அதன் நஞ்சு கடுமையானது. முழு மணியின் ஓடு கெட்டிதான், ஆனால் கோப்பதற்கு ஊசியால் துளைத்தவுடன் அந்தக் காவலும் போய்விடும். செத்தல் மிளகாயை ஈர்க்கில் குத்துங்கள். எந்தப் பிள்ளையும் அதை இரண்டாம் முறை வாயில் வைக்காது. அலரியும் வேண்டாம், அதுவும் நஞ்சு.

அறிவிப்பில் 'மலர்வளையம்' என்று எழுதாதீர்கள், செத்தவீட்டு நினைவு வரும். நத்தார் வளையம் என்றே எழுதுங்கள். மான்கள் திரியும் கோட்டைப் பக்கம் வீடுள்ளவர் வாங்கினால், படலையில் அல்ல, மான் எட்டாத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். எப்படியும் ஒன்றிரண்டை அவை தின்னும். நாரும் ஓலையும் மட்டுமே இருந்தால் அதனால் மானுக்குக் கேடில்லை.