லண்டனில் 15 வாரம்: மகளுக்கு மாதம் 2,000 டாலர் அனுப்ப வேண்டுமா?

கேள்வி: நாங்கள் நியூஜெர்ஸியில் இருக்கிறோம். மகள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை 15 வாரம் லண்டனில் படிக்கப் போகிறாள். கல்விக் கட்டணத்தையும் ப்ளூம்ஸ்பரியில் உள்ள விடுதி வாடகையையும் இங்குள்ள கல்லூரியே பில் போட்டு வாங்கிக்கொள்ளும். சாப்பாடு, பஸ், ரயில், மற்ற கைச்செலவு எங்கள் பாடு. மாதம் 2,000 டாலர் அனுப்பலாம் என்றிருக்கிறேன், போதுமா? அங்கே என் பெயரையும் சேர்த்து ஒரு வங்கிக் கணக்கு தொடங்கட்டுமா? 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்தே எல்லாவற்றுக்கும் எடுக்கலாமா? "பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிச்சுக்கறேன்" என்கிறாள் மகள்.
- ஒரு வாசகர், எடிசன்

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தவறினால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்பு என்றால் அமெரிக்க பாஸ்போர்ட் உள்ளவர் விசா இல்லாமல், வருகையாளராகவே பிரிட்டனுக்குள் போகலாம். ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி மட்டும் முன்கூட்டியே வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் அதற்குக் கட்டணம் 16 பவுண்டாக இருந்தது. விண்ணப்பிக்கும் அன்று பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே தொகையைப் பார்த்துவிடுங்கள். தேடினால் முதலில் வரும் தனியார் தளங்கள் இதே அனுமதிக்கு இரண்டு மூன்று மடங்கு வாங்கும். இந்த வகையில் போகிறவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது. காபிக் கடை வேலை மட்டுமில்லை, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் கூடாது. மகளின் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் ஒளிந்திருக்கிறதா என்று கல்லூரியின் வெளிநாட்டுப் படிப்பு அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். இருந்தால் மாணவர் விசா வேண்டியிருக்கும். அதற்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 524 பவுண்டு. இல்லையென்றால் வேலைப் பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள். சம்பாதிக்கிற சில நூறு பவுண்டுக்காக, அடுத்த தடவை எல்லையில் திருப்பி அனுப்பப்படும் நிலைக்குப் போக வேண்டாம்.

மாதம் 2,000 டாலர் என்பது தேவைக்கு மேல். என் கணக்கை வாரத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன். மாதக் கணக்கு இந்த வயதில் வேலைக்கு ஆகாது, முதல் பத்து நாளிலேயே தீர்ந்துவிடும். சமையலறை உள்ள விடுதி என்று வைத்துக்கொண்டால் மளிகை 45 பவுண்டு, வெளிச் சாப்பாடும் காபியும் 40, போக்குவரத்து 30, போன் 3, துணி துவைக்க 6, மற்றவை 26. ஆக வாரம் 150 பவுண்டு. 15 வாரத்துக்கு 2,250. முதல் வாரத்தில் படுக்கை விரிப்பு, தலையணை, பாத்திரம் என்று 150. வார இறுதி ஊர்சுற்றலுக்குத் தனியாக 600. மொத்தம் 3,000 பவுண்டு. பவுண்டுக்கு 1.35 டாலர் என்று வைத்தால் 4,050 டாலர். அவசரத்துக்கு 500 பவுண்டு தொடாமல் கிடக்கட்டும், அது ஒரு 675 டாலர். நீங்கள் நினைத்தபடி மூன்றரை மாதத்துக்கு 7,000 டாலர் போயிருக்கும். அதைச் செலவழிப்பது லண்டனில் கஷ்டமே இல்லை என்பதுதான் சிக்கல்.

"மற்றவை" என்ற 26 பவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் 18 வயதானால் மது வாங்கலாம். மகள் குடிக்கிறாளா இல்லையா என்பது என் துறை இல்லை. ஆனால் பப்புக்கு ஒரு கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்கும் சேர்த்து வாங்குவது அங்கே வழக்கம், ரவுண்டு என்பார்கள். ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறவளும் தன் முறை வரும்போது நாலு பேருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். மத்திய லண்டனில் ஒரு பைன்ட் பியர் 6, 7 பவுண்டு. "நான் ரவுண்டில் சேரலை, எனக்கு நானே வாங்கிக்கறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உணவகத்தில் இதற்கு நேரெதிர் தவறு நடக்கும். பில்லில் 12.5 சதவீத சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அமெரிக்கப் பழக்கத்தில் மேலே 20 சதவீதம் டிப்ஸ் வைத்துவிட்டு வருவார்கள். பில்லின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. வேண்டாம். 15 வாரத்துக்கு அது தண்டம். முகவரிச் சான்று கேட்டு, அமெரிக்க வரி எண் கேட்டு, கணக்கு கைக்கு வரும்போது அக்டோபர் ஆகிவிடும். உங்கள் பெயரைச் சேர்ப்பதில் வேறொரு வம்பும் உண்டு. அமெரிக்காவுக்கு வெளியே உங்கள் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளையும் கூட்டி, வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் எனப்படும் ஃபின்சென் 114 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கெடு ஏப்ரல் 15. தவறினால் அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் கிடைக்கும். ஊரில் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டும் வைத்திருப்பவர் என்றால் நீங்கள் ஏற்கெனவே இதைத் தாக்கல் செய்துகொண்டிருக்க வேண்டும். லண்டன் கணக்கில் 200 பவுண்டே இருந்தாலும் அதுவும் அந்தப் பட்டியலில் ஏறும். எஃப்பார் என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்றால், மகள் விஷயத்தை விட்டுவிட்டு இந்த வாரமே சி.பி.ஏ. எனப்படும் கணக்காளர் ஒருவரைப் பாருங்கள்.

அதற்குப் பதில், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத ஒரு டெபிட் கார்டும் ஒரு கிரெடிட் கார்டும் மகள் பெயரில் வாங்குங்கள். சார்லஸ் ஷ்வாபின் செக்கிங் கணக்கில் இந்தக் கட்டணம் இல்லை. உலகில் எந்த ஏ.டி.எம். பிடித்த கட்டணத்தையும் திருப்பித் தந்துவிடுகிறார்கள். கேப்பிடல் ஒன் கிரெடிட் கார்டுகளிலும் வெளிநாட்டுக் கட்டணம் கிடையாது. ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டாக இருந்தால் நல்லது. டிஸ்கவர் கார்டை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள், பல கடைகளில் எடுபடாது. டெபிட் கார்டின் பின் நம்பர் மனப்பாடமாக இருக்கட்டும். ஆறு வாரம் முன்பே கணக்கைத் தொடங்கி, உங்கள் கணக்கிலிருந்து 10 டாலர் அனுப்பிச் சோதித்துவிடுங்கள். புதிதாக இணைத்த கணக்குக்கு முதல் பணம் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கும். அந்தத் தாமதம் வீட்டில் நடக்கட்டும், லண்டனில் வேண்டாம்.

சாதாரண கார்டில் என்ன போகிறது என்று ஒரு சீட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். பல அமெரிக்க வங்கிகளின் டெபிட் கார்டில் வெளிநாட்டு ஏ.டி.எம்.முக்கு 5 டாலரும் தொகையில் 3 சதவீதமும் பிடிப்பார்கள். 20 பவுண்டு எடுத்தால் 27 டாலர். அதற்கு 3 சதவீதம் 81 சென்ட், மேலே 5 டாலர். ஆக 32 டாலர் 81 சென்ட். எடுத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டணம். இதற்கு மேல் இன்னொரு பொறி, கடையின் கார்டு மெஷினில். "டாலரில் கட்டவா, பவுண்டில் கட்டவா?" என்று திரையில் கேட்கும். டாலர் என்று தெரிந்த பெயரைப் பார்த்ததும் கை அங்கே போகும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். 5 சதவீதம் கூட்டிவைத்தால் 40 பவுண்டு மளிகை 54 டாலருக்குப் பதில் 56.70 ஆகும். எப்போதும் பவுண்டு, ஏ.டி.எம்.மிலும் பவுண்டு.

போன் விஷயத்தில் பெற்றோர் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். தவணையில் வாங்கிய போன் லாக் ஆகியிருக்கும், அதில் பிரிட்டிஷ் சிம் ஏறாது. புறப்படும் முன் அன்லாக் செய்யுங்கள். அமெரிக்க எண்ணை நிறுத்திவிடாதீர்கள், வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். நிறுத்திவிட்டால் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் நிற்பாள். அந்த எண்ணை மலிவான திட்டத்துக்கு மாற்றி, டேட்டா ரோமிங்கை அணைத்து, எஸ்.எம்.எஸ். வாங்க மட்டும் வைத்திருக்கலாம். இன்டர்நெட்டுக்கு மாதம் 10 பவுண்டு அளவில் அங்கே ஒரு ப்ரீபெய்டு சிம்.

போக்குவரத்துக்கு 30 பவுண்டு என்றேன், அது தாராளமான கணக்கு. 2025 மார்ச் கட்டணப்படி நகரின் நடுப்பகுதியான முதல் இரண்டு மண்டலங்களுக்கு டிராவல்கார்டு என்ற வாரப் பாஸ் 44.70 பவுண்டு. 18 வயதுக்கு மேற்பட்ட மாணவருக்கான ஆய்ஸ்டர் போட்டோ கார்டு (லண்டன் பயண அட்டை) இருந்தால் 30 சதவீதம் தள்ளுபடி, 31.29 ஆகும். ஆனால் அந்தக் கார்டு எல்லாருக்கும் கிடைக்காது. படிப்பு 14 வாரத்துக்குக் குறையக் கூடாது, படிக்கும் இடம் லண்டன் போக்குவரத்துத் துறையின் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் தாங்களே நடத்தும் லண்டன் மையங்களில் சில அதில் இருக்காது. கிடைத்தாலும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். ப்ளூம்ஸ்பரியில் தங்கி நடந்தே வகுப்புக்குப் போகிறவளுக்கு மெட்ரோ சவாரி ஒன்று சுமார் 3 பவுண்டு. வாரம் பத்துக்கு மேல் போனால்தான் தள்ளுபடி டிராவல்கார்டே கட்டுப்படியாகும். பஸ் 2025இல் 1.75 பவுண்டாக இருந்தது, முதல் பஸ் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து ஏறும் பஸ்கள் இலவசம். காண்டாக்ட்லெஸ் கார்டையே கதவில் காட்டிப் போகலாம், முதல் இரண்டு மண்டலங்களுக்குள் திங்கள் முதல் ஞாயிறு வரை வார டிராவல்கார்டின் முழு விலைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஒரே நிபந்தனை: உள்ளே போகும்போது போனைக் காட்டினால் வெளியே வரும்போதும் போன்தான். உள்ளே போன், வெளியே கார்டு என்றால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும், மெஷினுக்கு அவை இரண்டு பயணிகள். இரண்டு அரைகுறைப் பயணங்களுக்கும் தனித்தனியாக அதிகபட்சக் கட்டணம் போட்டுவிடும்.

வார இறுதியில் பாரிஸ், பார்சிலோனா என்று கிளம்புவார்கள். 20 பவுண்டு விமானச் சீட்டில் இருக்கைக்கு அடியில் அடங்கும் சின்னப் பை மட்டும்தான் சேர்த்தி. ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துக்குப் போய்வரும் ரயில் செலவையும் கூட்டித்தான் அது மலிவா என்று பார்க்க வேண்டும்.

அம்மா ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்திருப்பார். எடுத்துவிடுங்கள். அமெரிக்க குக்கர் 120 வோல்ட், அங்கே சுவரில் 230 வோல்ட். அடாப்டர் பிளக்கின் முள்ளைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இரண்டு மடங்கு வோல்டேஜ் ஏறும்போது சூடு சுமார் நான்கு மடங்கு, முதல் சோற்றிலேயே கருகிவிடும். ஹேர் ட்ரையருக்கும் இதே கதிதான். போன், லேப்டாப் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. குக்கரை அங்கேயே வாங்கட்டும். அரிசி, பருப்பு, இட்லி மாவுக்கு ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி மூன்றிலும் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. மாதம் ஒருமுறை போய்வந்தால் மளிகைக் கணக்கில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம். தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், விடுதிச் சமையலறைப் புகை அலாரம் கடுகு வெடிப்பதைத் தாங்காது.

இனி 529. கல்லூரி பில் போடும் கல்விக் கட்டணத்துக்கும் விடுதி வாடகைக்கும் தாராளமாக எடுக்கலாம். மளிகைக்கும் எடுக்கலாம், ஆனால் கல்லூரி தன் படிப்புச் செலவு மதிப்பீட்டில் உணவுக்கு என்று ஒதுக்கிய தொகை வரைதான். லண்டன் செமஸ்டருக்கென்று தனி மதிப்பீடு போட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமானச் சீட்டு, ஈ.டி.ஏ., மருத்துவக் காப்பீடு, போன், மெட்ரோ எதுவும் இதில் சேராது. இவற்றுக்காக 2,000 டாலர் எடுத்து, கணக்கில் உள்ள தொகையில் 40 சதவீதம் வளர்ச்சியால் வந்தது என்றால் 800 டாலர் வருமானமாகி வரி வரும், அதன் மேல் 10 சதவீதம், அதாவது 80 டாலர், அபராத வரி. தம்பதியாகத் தாக்கல் செய்யும் உங்கள் வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணத்தில் 4,000 டாலரை 529ஐத் தொடாமல் கையிலிருந்து கட்டுங்கள். அதைக் காட்டி 2,500 டாலர் வரை அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை வாங்கலாம். 1,80,000ஐத் தாண்டினால் அது கிடையாது.

எந்த ஆண்டில் செலவோ அந்த ஆண்டிலேயே 529 பணமும் வெளியே வந்திருக்க வேண்டும். அடுத்த செமஸ்டர் பில் டிசம்பரில் வரும், கெடு ஜனவரியாக இருக்கும். டிசம்பர் 28 அன்று பணத்தை எடுத்து ஜனவரி 5 அன்று கட்டினால் இரண்டு வருடக் கணக்கும் இடிக்கும். இரண்டையும் டிசம்பருக்குள் முடியுங்கள், அல்லது இரண்டையும் ஜனவரிக்குத் தள்ளுங்கள்.