வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியூஎமுவை மாற்றலாமா? கேள்வி பதில்

கொழும்பில் சேர்வர் பராமரிக்கும் சிலர் கேட்டவை இவை. எல்லோரும் லினக்ஸில் கேவிஎம், கியூஎமு வைத்து வி.எம். (சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுபவர்கள். வி.எம்.மை ஓட்டும் மென்பொருள் கியூஎமு. அதற்கு வேகம் கொடுப்பது கேவிஎம், அது லினக்ஸின் மையமான கேர்னலின் ஒரு பகுதி.

வெள்ளவத்தை: அண்ணா, கியூஎமு பாக்கேஜை அப்டேட் செய்தேன். ஒரு வி.எம்.மும் நிற்கவில்லை. வேலை முடிந்ததுதானே?

முடியவில்லை தம்பி. மாறியது டிஸ்கில் இருக்கும் கோப்பு மட்டும். ஓடுகிற வி.எம். ஒவ்வொன்றும் பழைய கியூஎமுவில்தான் ஓடுகிறது. லினக்ஸின் ப்ராக் (/proc) அடைவில் அந்தக் கியூஎமு புராசஸின் 'எக்ஸி' இணைப்பைப் பாருங்கள், பாதையின் கடைசியில் 'டிலீட்டட்' என்று காட்டும். வி.எம்.முக்குள் ரீபூட் கொடுத்தாலும் போதாது, அது அதே புராசஸுக்குள்தான் நடக்கும். 2015இல் வெளியான வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? மெய்நிகர் ஃபிளாப்பி கன்ட்ரோலர் வழியாக வி.எம்.மிலிருந்து ஹோஸ்டுக்குள், அதாவது அதைத் தாங்கும் சேர்வருக்குள் நுழைய வழிவிட்ட ஓட்டை அது. பேட்ச் போட்டுவிட்டு வி.எம்.மை அப்படியே ஓடவிட்டவர்களுக்கு ஓட்டை அடைபடவே இல்லை.

கொட்டாஞ்சேனை: எங்களிடம் ஒரே சேர்வர், நினைவகம் 96 ஜிபி. ஒரு வி.எம். மட்டும் 64 ஜிபி. அதற்குள்ளேயே லைவ் மைக்ரேஷன் (வி.எம்.மை அணைக்காமல் ஒரு கியூஎமுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது) செய்யலாமா?

வழக்கமான முறையில் இடம் பத்தாது. புதிய கியூஎமுவும் 64 கேட்கும், இரண்டும் சேர்ந்தால் 128. 2025 ஏப்ரலில் வந்த கியூஎமு 10.0இல் 'சிபிஆர்-டிரான்ஸ்ஃபர்' என்ற முறை இருக்கிறது. அதில் நினைவகத்தை நகலெடுப்பதில்லை. அதன் கோப்பு விவரிப்பியை (அந்த நினைவகத்தைத் திறக்கும் கைப்பிடி போன்றது) யுனிக்ஸ் சொக்கெட் என்ற, ஒரே கணினியில் புராசஸ்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு வழியாகப் பழைய புராசஸ் புதியதிடம் கொடுத்துவிடும். மெய்நிகர் டிஸ்க் போன்ற டிவைஸ்களின் நிலையை மட்டும் எழுதி வாசித்தால் போதும். ஆனால் வி.எம்.மின் நினைவகம் தொடக்கத்திலேயே பிற புராசஸோடு பகிரக்கூடியதாக ('மெம்எஃப்டி' போன்ற வகை) இருக்க வேண்டும், ஓடும்போது மாற்ற முடியாது. அதனால் முதல் தடவை நிறுத்தித்தான் ஆகவேண்டும். ஒரு போயா விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி, மாணவி: நினைவகம் அப்படியே இருந்தால், டிவைஸ் நிலை என்று தனியாக எதற்கு அண்ணா?

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தங்கச்சி. வி.எம்.மின் நினைவகத்தில் இருப்பது வி.எம்.முக்குத் தெரிந்தது மட்டும். டிவைஸுக்குத் தெரிந்தது கியூஎமுவின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. ஒரு டேட்டாபேஸ் விர்ட்டியோ (வி.எம்.களுக்கென்றே உள்ள டிவைஸ் வகை) டிஸ்க்கில் எழுதுகிறது என்று வையுங்கள். கோரிக்கைகள் வரிசை வி.எம். நினைவகத்தில். எதுவரை எடுத்தாயிற்று என்ற எண்ணைக் கியூஎமுதான் வைத்திருக்கிறது. அது 118 என்றால், புதிய கியூஎமுவும் 118இலிருந்தே தொடர வேண்டும். பின்னால் போனால் முடிந்த எழுத்தை மறுபடி எழுதி, புதிய பதிவின் மேல் பழையது விழலாம். முன்னால் தாண்டினால் ஒரு கோரிக்கை விடுபட்டு, பதில் வராமல் டேட்டாபேஸ் காத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவதாவது கண்ணுக்குத் தெரியும். முதலாவது தெரியாமலே போய்விடும், எனக்குப் பயம் அதில்தான்.

இதனால்தான் கியூஎமு முதலில் மெய்நிகர் சிபியுக்களை நிறுத்தி, கையிலிருக்கும் டிஸ்க் வேலைகளை முடித்துவிட்டு, அப்புறம்தான் நிலையை எழுதும். எந்தெந்தப் புலங்களை எழுதுவது, எந்தப் பதிப்பு என்பதை ஒவ்வொரு டிவைஸும் 'விஎம்ஸ்டேட்' என்ற விவரிப்பில் வைத்திருக்கும். பின்னாளில் சேரும் புலங்கள் பெரும்பாலும் துணைப்பகுதியாகப் போகும். தேவைப்படும்போது மட்டும் அவற்றை அனுப்புவதால் பழைய பதிப்போடும் ஒத்துப்போகும்.

வத்தளை: புதிய பதிப்பில் ஏற்றும்போது டிவைஸ் பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது.

ஸ்கிரிப்டில் மெஷின் வகையை (வி.எம்.முக்குக் காட்டும் கணினி மாதிரி) வெறும் 'கியூ35' என்று எழுதியிருப்பீர்கள். ஒவ்வொரு பதிப்பிலும் அது அந்தப் பதிப்பின் புதிய வகையைக் குறிக்கும். 'பிசி-கியூ35-8.2' என்பதுபோல எண்ணோடு எழுதுங்கள். வி.எம்.களை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருளைப் பாவித்தால் அதுவே எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஏற்றம் தோற்றால் பதற வேண்டாம், பழைய கியூஎமு இன்னும் இருந்தால் 'கொண்ட்' கட்டளையில் வி.எம். விட்ட இடத்திலிருந்து ஓடும்.

மருதானை: ஹோஸ்ட் கேர்னலையே மாற்றினால்?

கோப்பு விவரிப்பிகள் ரீபூட்டைத் தாண்டாது. 'சிபிஆர்-ரீபூட்' உண்டு, ஆனால் அதன் முழுப் பயன் கிடைக்க ரீபூட்டிலும் அழியாத நினைவகம் வேண்டும். அது இல்லாதவர்கள் லிப்வர்ட்டின் 'மேனேஜ்ட்சேவ்' கட்டளை கொடுத்து முழு நிலையையும் டிஸ்கில் எழுதுங்கள். 64 ஜிபி எழுத நேரம் எடுக்கும், இடமும் வேண்டும். திரும்ப ஏற்றியதும் வி.எம்.முக்குள் மணிக்கூட்டைப் பாருங்கள், பின்தங்கியிருந்தால் டேட்டாபேஸைத் திறந்துவிட முன் சரிசெய்யுங்கள்.