கேள்வி – பதில்: பாய் கட்டினால் படகு பக்கவாட்டில் போகிறதே?

கேள்வி: 14 அடி பைபர் படகுக்குப் பாய்மரம் நட்டேன். பின்காற்றில் நன்றாக ஓடுகிறது. யாழ்ப்பாணம் பண்ணைக் கரைக்குத் திரும்பும்போது காற்றுக்கு எதிரே ஏறாமல் பக்கமாக வழுக்குகிறது. பெரிய பாய் போடலாமா?
– வாசகர், குருநகர்

பதில்: வேண்டாம், வழுக்கல்தான் கூடும். குறை பாயில் இல்லை, அடியில். தட்டையான அடி தண்ணீரைப் பிடிக்காது. 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டில் ஓரடி அகலப் பக்கப்பலகை செய்து, மூன்றடி தண்ணீருக்குள் நிற்கும்படி விளிம்பில் 12 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத போல்ட்டில் பூட்டுங்கள். களப்பில் தரை தட்டினால் தானே மடங்கும். போல்ட் வரும் இடத்தில் பழைய பெயின்ரைச் சுரண்டி, எபொக்சியில் உள்பலகை ஒட்டாவிட்டால் பைபர் வெடிக்கும். ஒரு பலகை போதும். ஆனால் காற்று அந்தப் பக்கத்தால் வந்தால் அது வெளியே விரியும், கீழே ஒரு கயிற்றுத் தடை போடுங்கள்.

இடம்தான் முக்கியம்: பாயின் நடுவுக்கு நேர்கீழே. முன்னே தள்ளினால் அணியம் (படகின் முன்பக்கம்) காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், சுக்கான் பிடித்துக் கை ஓயும்.

பாயை இழுக்கும் கயிறு நைலோனா? மாற்றுங்கள், அது இழுபடும், பொலியஸ்டர் நல்லது.

மே முதல் சோளகம் (தென்மேற்குக் காற்று) பலக்கும். வெள்ளலை தெரியத் தொடங்கியதுமே பாயின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டுங்கள். களப்பில் மீன்பிடிக்க நட்ட சிறகுவலைத் தடிகள் இருப்பதால் இருட்டில் ஓட வேண்டாம்.